ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு எக்ஸாஸ்ட் பொருத்தலாமா? கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களில் பலர் முதலில் மாற்ற நினைப்பது எக்ஸாஸ்டைத்தான். ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர்களும், தருமபுரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களோடு சேர்ந்து ஓட்ட வருபவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின் கொண்ட இரண்டு கதவுக் கார். வெளியில் வாங்கிய எக்ஸாஸ்ட் ஒன்றை அதில் பொருத்தி, பதினான்கு மாதம் ஓட்டிய பிறகு, நிறுவனம் கொடுத்த பழைய எக்ஸாஸ்டையே திரும்பப் பொருத்தினேன். பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்டை மாற்றுவது என்றால் எந்தப் பகுதியை மாற்றுவது?

இன்ஜினிலிருந்து பின் பம்பர் வரை புகை செல்லும் பாதை முழுவதற்கும் எக்ஸாஸ்ட் என்றே பெயர். சிலிண்டர் ஹெட்டை ஒட்டி மேனிஃபோல்டு அல்லது ஹெட்டர் இருக்கும். டர்போ கார்களில் அதையடுத்து, புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும், அதிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் டவுன்பைப்பும் வரும். பிறகு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சில புதிய பெட்ரோல் கார்களில் அதனோடு ஒரு நுண்துகள் வடிகட்டி, நடுவில் குறிப்பிட்ட சில ஒலிகளை அடக்கும் ரெசனேட்டர், கடைசியில் நம் ஊரில் எல்லோரும் சைலன்சர் என்று சொல்லும் மஃப்ளர். பின்பக்க மஃப்ளரை மட்டும் மாற்றுவது ஆக்ஸில்-பேக். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள அனைத்தையும் மாற்றுவது கேட்-பேக். எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே செலவும் சத்தமும் சட்டச் சிக்கலும் அமையும் என்பதால், கடைக்காரரிடம் பேசுவதற்கு முன் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

சக்தி கூடுமா?

டர்போ இல்லாத இன்ஜினில் மஃப்ளரை மட்டும் மாற்றினால், ஓட்டும்போது உணரக்கூடிய அளவுக்குச் சக்தி கூடாது. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களின் எக்ஸாஸ்டை நிறுவனங்கள் ஏற்கெனவே நன்றாக வடிவமைத்திருக்கின்றன. கடைசிக் குழாயை மாற்றுவதால் அதில் மிச்சமிருக்கும் தடை பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. சத்தம் கூடும்போது கார் வேகமாகப் போவதாகத் தோன்றுவது இயல்பு. எனக்கும் முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் தோன்றியது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது வேறுபாடு எதுவும் இல்லை.

டர்போ கார்களின் கதை வேறு. டர்போவில் புகை படும் சக்கரத்துக்கு டர்பைன் என்று பெயர்; அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான் அதைச் சுழற்றுகிறது. டர்பைனைத் தாண்டியவுடன் புகை தடையில்லாமல் வெளியேறினால் அந்த வேறுபாடு அதிகரித்து, டர்போ விரைவாக வேகம் பிடிக்கும். ஆகவே அகலமான டவுன்பைப்பும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் அதற்கேற்ப மாற்றி எழுதிய மென்பொருளும் சேர்ந்தால் உண்மையாகவே சக்தி கூடுகிறது. ஆனால் பெரும்பாலான டர்போ கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த டவுன்பைப்பிலேயேதான் இருக்கிறது. சக்தி கிடைக்கும் இடமும் சட்டம் கை வைக்கக் கூடாது என்று சொல்லும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் இந்த முடிவில் உள்ள உண்மையான சிக்கல். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்ஜினுக்குக் கொஞ்சம் "பேக் பிரஷர்", அதாவது வெளியேறும் புகையை எதிர்க்கும் அழுத்தம், தேவை என்கிறார்களே?

தேவையில்லை. இன்ஜினுக்குத் தேவைப்படுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகை, தனக்குப் பின்னால் உண்டாக்கும் தாழ்வழுத்தத்தால் அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துச் செல்கிறது. குழாயைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால் அந்த வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தளர்கிறது. இதைப் பார்த்தவர்கள் அழுத்தம் குறைந்ததால் இழுவை போயிற்று என்று தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டர்போ இல்லாத காருக்கு "எவ்வளவு பெரிய பைப் போட்டாலும் நல்லது" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அரைகுறைச் செய்திகள்தான் அதிகம் உலவுகின்றன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பான பொருளிலேயே விளக்கியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 182ஏ, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஒலி, காற்று மாசு வரம்புகளை மீறி ஓட்டுவது பிரிவு 190-இன் கீழ் வருகிறது; முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குச் செல்லாததாகும். புகையைச் சைலன்சர் வழியாக விடாமல் இடையிலேயே வெளியேற்றும் "கட்-அவுட்" அமைப்புக்குப் பிரிவு 194எஃப் தனியாக அபராதம் வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 120, ஒவ்வொரு வாகனத்திலும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது.

"ஆர்.சி. புத்தகத்தில் சைலன்சர் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் தாராளமாக மாற்றலாம்" என்று வாதிடுபவர்கள் உண்டு. சாலையோரத்தில் நிற்கும்போது அந்த வாதம் உங்களுக்கு உதவாது. அங்கே முதலில் கவனிக்கப்படுவது சத்தம்தான். இங்கிருந்து பெங்களூருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகப் போலீஸ். டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 பலகையோடு சத்தமான கார் ஒன்று வந்தால் நிறுத்தாமல் விடுவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அப்படியானால் சட்டத்துக்கு உட்பட்ட வழியே இல்லையா?

இருக்கிறது. கார் நிறுவனமே தன் விருப்பப் பட்டியலில் தரும் ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்தான் அந்த வழி. போர்ஷே 911-க்கு இப்படி ஒன்று தொழிற்சாலையிலிருந்தே கிடைக்கிறது. வேறு சில நிறுவனங்களும் தங்கள் வேகமான மாடல்களுக்குத் தருகின்றன. விலை அதிகம், ஆனாலும் அந்த மாடலுக்கென்று சோதித்து ஒப்புதல் பெற்ற பொருள் அது. இன்னும் கார் வாங்காமல் இருப்பவர்களுக்கு என் உறுதியான ஆலோசனை: இப்போதே அந்த எக்ஸாஸ்டோடு சேர்த்துக் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வெளியில் வாங்கும் சில எக்ஸாஸ்ட்களில் வட்டத்துக்குள் "ஈ" என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அது ஐரோப்பிய ஒப்புதலின் அடையாளம். குறிப்பிட்ட கார் மாடலில் ஒலியளவு சோதிக்கப்பட்ட பொருள் என்பதால் அடையாளமே இல்லாத பொருளைவிட நம்பகமானது. ஆனால் இந்தியச் சட்டத்தின் அனுமதியாக அதைக் காட்ட முடியாது.

எவ்வளவு சத்தம் வரை ஏற்கத்தக்கது?

இந்தியாவில் புதிய பயணிகள் காருக்கான ஒலி வரம்பு 2005 ஏப்ரல் முதல் 74 டெசிபல். கார் வேகம் கூட்டிக்கொண்டு கடந்து செல்லும்போது, 7.5 மீட்டர் தள்ளி வைத்த கருவியில் இதை அளக்கிறார்கள். குழாய் வாயில் கைப்பேசியை நீட்டி அளந்த எண்ணை இதனோடு ஒப்பிடக் கூடாது. டெசிபல் கணக்கு நேர்கோட்டில் செல்வதும் இல்லை: 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகக் கேட்கிறது. "பத்துதான் கூடுகிறது" என்று விற்பவர் சொன்னால், அந்தப் பத்து உங்கள் தெருவுக்கு என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தொந்தரவு இருக்குமா?

இருக்கும், அதுவும் அதிகாலையில் மிக அதிகமாக. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது, கன்வெர்ட்டர் வேலை செய்யத் தேவையான சூட்டை விரைவில் எட்ட வேண்டும் என்பதற்காக ஈசியு வேண்டுமென்றே ஐடிலை, அதாவது கார் நிற்கும்போது இன்ஜின் சுழலும் வேகத்தை, உயர்த்தி வைக்கிறது. அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் கார் நாளில் எழுப்பும் மிகக் கொடுமையான சத்தமாக இருக்கும். வண்டியை நகர்த்தாமல் வாசலிலேயே அது நடக்கும். கிருஷ்ணகிரி பழையபேட்டை போல வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலியை நான் கேட்டிருக்கிறேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் சாவியைத் திருப்பியபோது எதிர்வீட்டுத் தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுத சத்தம், இன்ஜின் ஓசையை மீறி எனக்குக் கேட்டது. அந்த வீட்டு அக்கா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பழைய எக்ஸாஸ்டைத் திரும்பப் பொருத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது அன்றுதான்.

குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஐந்தரை மணி அந்தக் கணக்கில் இரவுதான்.

நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டும்போது எப்படி இருக்கும்?

வாங்குவதற்கு முன் யாரும் கேட்காத கேள்வி இது, வாங்கிய பிறகு எல்லோரும் வருந்துவதும் இதற்காகத்தான். நம் வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவது என்றால் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44-இலோ 48-இலோ ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போவதுதான். அப்போது இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே சுழலும். நான்கு சிலிண்டர் காரில் அந்த வேகத்தில் எக்ஸாஸ்டின் அடிப்படை ஒலி நொடிக்குச் சுமார் 67 அதிர்வு, ஆறு சிலிண்டரில் 100, வி8-இல் 133. இவை எல்லாமே தாழ்ந்த ஒலிகள். காரின் உட்கூடு இந்த அதிர்வோடு ஒத்துப்போனால் முழுக் கூடும் தம்புரா போல இரையத் தொடங்குகிறது. இதைத்தான் ட்ரோன் என்கிறார்கள். கண்ணாடியை ஏற்றினாலும் இறக்கினாலும் அது நிற்பதில்லை. பாட்டை உயர்த்தி வைத்தாலும் மறைவதில்லை. தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தை எட்டுவதற்குள், அருகில் உட்கார்ந்திருந்த என் மனைவி காதுகளைப் பொத்திக்கொண்டு வந்தார்.

நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒருமுனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் பொருத்தி, ஒலி அதற்குள் போய்த் திரும்பி வரும்போது அதே அதிர்வை ரத்து செய்யும்படி நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். 100 அதிர்வுள்ள ஒலிக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பதால் அதைத் தாழ்வான காரின் அடியில் அடக்குவது எளிதில்லை. விலை குறைந்த எக்ஸாஸ்ட்களில் இது இருக்காது. நடுவில் உள்ள ரெசனேட்டரையும் வெட்டியெடுத்துவிட்டு நேர்க்குழாய் போடச் சொல்பவர்கள், ட்ரோனைத் தடுக்க இருந்த ஒரே உறுப்பையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

வால்வு வைத்த எக்ஸாஸ்ட் இந்தச் சிக்கல்களைத் தீர்க்குமா?

பெருமளவு தீர்க்கும். வால்வு மூடியிருக்கும்போது புகை முழுவதும் மஃப்ளரின் அறைகள் வழியாகச் சுற்றிச் செல்கிறது. திறந்தால் குறுக்குவழியில் செல்கிறது. தெருவில் மூடியும் வெளியில் திறந்தும் ஓட்டலாம். நம் தூசியிலும் மழையிலும் வால்வின் அச்சு இறுகி, திறந்த நிலையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. வால்வு திறந்த நிலையிலும் புகை ஏதேனும் ஒரு மஃப்ளர் வழியாகவே போக வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். மஃப்ளரையே தாண்டி வெளியேற்றினால் அது மேலே சொன்ன கட்-அவுட் ஆகிவிடும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாமா?

கூடாது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு போன்ற உறுப்புதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. அதை எடுத்த கார், புகைப் பரிசோதனையில் பி.எஸ். 4, பி.எஸ். 6 பெட்ரோல் கார்களுக்கான 0.3 சதவீதக் கார்பன் மோனாக்சைடு, 200 பிபிஎம் ஹைட்ரோகார்பன் வரம்புகளுக்குள் நிற்பது கடினம். காருக்குப் பின்னால் நிற்பவர்களுக்குக் கண் எரியும், பெட்ரோல் வாடை துணியில் ஏறும். இதைச் செய்யச் சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பட்பட்டென்று வெடிக்க வைக்கும் மென்பொருளும் இதே வகைதான். அந்த ஓசை, எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் எரிவதால் வருகிறது. அந்தச் சூடு கன்வெர்ட்டரின் உட்கூட்டை உருக்கிவிடக்கூடும். கன்வெர்ட்டர் அடைபட்டால் அதன் விலை எக்ஸாஸ்டின் விலையை எளிதில் தாண்டும்.

எக்ஸாஸ்ட் மாற்றிய பிறகு செக் இன்ஜின் விளக்கு எரிவது ஏன்?

எனக்கும் இது நேர்ந்தது. பொருத்தி இரண்டு வாரத்தில் விளக்கு எரிந்தது, மைலேஜும் குறைந்தது. பொருத்திய பணிமனையில் "சென்சார் போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்றார்கள். புதிய சென்சாரோடும் விளக்கு எரியவே, வேறொரு மெக்கானிக்கிடம் காரை லிஃப்டில் ஏற்றினேன். அவர் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, எக்ஸாஸ்ட் முனையைக் கந்தல் துணியால் ஓரளவு அடைத்துப் பிடிக்கச் சொல்லி, மூட்டுகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். கன்வெர்ட்டரை ஒட்டி இரண்டு குழாய்களை போல்ட்டால் இணைக்கும் ஃபிளாஞ்சில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடாமல் பழையதையே திரும்பப் போட்டிருந்த இடத்தில், நுரை சிறு சிறு குமிழாகக் கிளம்பியது. அவ்வளவு சிறிய ஓட்டைதான்.

புகை தொடர்ச்சியாக வராமல் துடிப்பு துடிப்பாக வருவதால், இரண்டு துடிப்புகளுக்கு இடையே அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுத் தவறான தகவலைத் தருகிறது. கன்வெர்ட்டருக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு சென்சார்கள் இருக்கும்; ஓட்டை முதல் சென்சாருக்கு முன்னால் இருந்தால் ஈசியு பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி அதிகமாக ஊற்றும். இரண்டாவது சென்சாருக்கு முன்னால் இருந்தால் கன்வெர்ட்டர் பழுது என்று பி0420 என்ற குறியீட்டைக் காட்டக்கூடும். ஆகவே விளக்கு எரிந்தவுடன் சென்சாரை மாற்றாதீர்கள், முதலில் கசிவைத் தேடுங்கள். பொருத்தும்போது எல்லா மூட்டுக்கும் புதிய கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். விளக்கே எரியாதபடி மென்பொருளில் மறைத்துவிடலாம் என்று சொல்பவரிடமிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எந்த உலோகம் நல்லது?

304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். துருப்பிடிக்காது, உள்ளூரிலேயே டிக் வெல்டிங் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் பாதியைவிடச் சற்றே அதிகம் என்பதால் எடை நன்றாகக் குறையும். ஆனால் ஒலி சற்றுக் கூர்மையாகும், விரிசல் விட்டால் ஒட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

வேகத்தடையில் இடிக்குமா?

நிறுவனக் குழாயைவிட ஒரு விரற்கடை கீழே தொங்கினாலும் இடிக்கும். கிராமச் சாலைகளில் வெள்ளைக்கோடுகூட இல்லாத வேகத்தடைகள் நிறைய இருக்கின்றன. பொருத்திய பிறகு, ஓட்டுநரும் இன்னொருவரும் உட்கார்ந்த நிலையில், குழாயின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து பாருங்கள். ரப்பர் ஹேங்கர்களையும் புதிதாகப் போடுங்கள்.

வாரண்டியும் இன்சூரன்ஸும் என்ன ஆகும்?

எக்ஸாஸ்ட், சென்சார், டர்போ தொடர்பான பழுதுகளுக்கு நிறுவனம் வாரண்டியை மறுக்க உங்கள் மாற்றமே காரணம் தந்துவிடும். ஈசியுவை மாற்றி எழுதியிருந்தால், பழையதைத் திரும்ப ஏற்றினாலும் பல கார்களில் டீலரின் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்களின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மறைத்தால், விபத்து நேர்ந்தபின் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம்.

அஞ்செட்டி, ஒகேனக்கல் பாதைகளில் திறந்துவிட்டு ஓட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி செல்லும் பாதையும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் பாதையும் யானைகள் கடக்கும் காட்டின் வழியாகச் செல்கின்றன. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இந்தக் காடுகளில்தான் இருக்கிறது. வளைவில் மிரண்ட யானைக்கூட்டத்தின் முன் போய் நின்றால் உங்கள் காரின் வேகம் எதற்கும் உதவாது. எக்ஸாஸ்டின் முழு ஓசையையும் கேட்க விரும்பினால், நெடுஞ்சாலை 48-இல் உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கோ, கோவை கரி ஸ்பீட்வேக்கோ தடம் திறந்துவிடும் நாளில் செல்லுங்கள். அங்கே நான் கழித்த ஒரு காலை, சாலையில் ஓட்டிய பதினான்கு மாதத்தைவிட அதிக மகிழ்ச்சி தந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை போகவில்லை. எப்படி முடிவெடுப்பது?

அதே மாடலில் அதே எக்ஸாஸ்டைப் பொருத்தியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். காணொளியில் கேட்பதை நம்பாதீர்கள், மைக் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. அவர் காரில் பக்கத்து இருக்கையில், கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை ஒரே வேகத்தில் போய்த் திரும்புங்கள். மறுநாள் காலை அவர் காரைக் கிளப்பும்போது தெருமுனையில் நின்று கேளுங்கள். இரண்டிலும் உங்களுக்குச் சம்மதம் என்றால், கன்வெர்ட்டரைத் தொடாத, ரெசனேட்டரும் வால்வும் உள்ள, வெட்டாமல் போல்ட்டில் பொருந்தும் கேட்-பேக் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

கழற்றிய பழைய எக்ஸாஸ்டை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். உட்புற ஈரம் வடிய இரண்டு நாள் வெயிலில் சாய்த்து வைத்து, வாய்களைத் துணியால் அடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுங்கள். போல்ட்டுகளையும் கிளாம்புகளையும் ஒரு பையில் போட்டு அதோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். பதினான்கு மாதம் கழித்து எனக்கு அவை ஒன்றுவிடாமல் தேவைப்பட்டன.